ஷூபர்ட்டின் ஒரு சிம்பொனியையே இரண்டு முறை வாங்கிவிட்டேன். எந்த அகராதி வைத்துக்கொள்ளலாம்?

புதுக்காது:

எல்லாருக்கும் வணக்கம். மேற்கத்திய செவ்வியல் இசை கேட்க ஆரம்பித்து இரண்டு வருஷம் ஆகிறது. முறையாகப் படித்தவன் இல்லை, காது இழுத்த வழியில் வந்தவன்.

போன மாதம் நடந்தது இது. ஷூபர்ட்டின் ஒன்பதாவது சிம்பொனி என்னிடம் ஏற்கெனவே இருந்தது. எட்டாவது என்று போட்ட ஒரு இசைத்தட்டைப் பார்த்ததும், "முற்றுப்பெறாத" சிம்பொனிதானே எட்டாவது என்று வாங்கிவிட்டேன். ஓடவிட்டால் அதே இரண்டு ஹார்ன்கள், அதே தொடக்கம். எண் மட்டும்தான் வேறு.

இந்த மாதிரி அசட்டுத்தனத்திலிருந்து தப்பிக்க வீட்டில் ஒரு நல்ல உசாத்துணைப் புத்தகம் வேண்டும். ஓபராவும் இப்போதுதான் தொட்டிருக்கிறேன், கதை புரியாமல் பாதியில் தொலைந்துபோகிறேன். இன்னொன்று, எங்கோ கேட்ட ஒரு மெட்டு பல மாதமாக மண்டைக்குள் சுற்றுகிறது, பெயர் தெரியவில்லை. இதற்கெல்லாம் சேர்த்து ஒரே ஒரு புத்தகம் சொல்லுங்கள்.

வெட்டிப்பேச்சு:

புத்தகமா? பேரைத் தட்டினா விக்கிபீடியா வந்து நிக்குது. அலமாரியை அடைக்கிறதுக்கு இன்னொரு செங்கல் எதுக்கு?

ஏட்டுப்பூச்சி:

"ஒரே ஒரு புத்தகம்" ஆகாத காரியம், கோபித்துக்கொள்ளாதீர்கள். நீங்கள் கேட்டது மூன்று கேள்வி, மூன்றுக்கும் மூன்று விதமான புத்தகம். ஆனாலும் எல்லாரும் முதலில் சொல்லப்போகும் பெயர் க்ரோவ் என்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

ஜார்ஜ் க்ரோவ் தொழில்முறை இசைக்காரர் இல்லை. கலங்கரை விளக்கம் கட்டிய பொறியாளர். பிறகு லண்டன் கிரிஸ்டல் பேலஸில் செயலாளராக இருந்து, அங்கே நடந்த கச்சேரிகளுக்கு விளக்கக் குறிப்பு எழுதிக்கொடுத்தார். அந்தப் பழக்கம் வளர்ந்துதான் 1879 முதல் 1889 வரை நான்கு தொகுதிகளாக வந்த இசை அகராதி ஆனது. ஷூபர்ட் என்றால் மனிதருக்கு உயிர். 1867-ல் ஆர்தர் சல்லிவனைக் கூட்டிக்கொண்டு வியன்னாவுக்குப் போய், தூசி மண்டிக் கிடந்த 'ரோசமுண்டா' இசைத் தாள்களைக் கண்டெடுத்தவர். 1825-ல் ஷூபர்ட் எழுதிய ஒரு சிம்பொனி தொலைந்துபோய்விட்டது என்று உறுதியாக நம்பினார். அந்தத் தொலைந்த சிம்பொனி வேறெங்கும் இல்லை, நீங்கள் இரண்டு முறை வாங்கினீர்களே, அதுவேதான் என்பது இன்றைய ஆய்வாளர்கள் வந்திருக்கும் முடிவு. அகராதி எழுதியவரே ஒன்றை இரண்டாக எண்ணியிருக்கும்போது நீங்கள் வெட்கப்பட ஒன்றுமில்லை.

பிறகு அது பெருத்துக்கொண்டே போனது. 1954-ல் எரிக் ப்ளோம் பதிப்பித்தபோது ஒன்பது தொகுதி, 1980-ல் ஸ்டான்லி சேடி அடியோடு புதிதாக எழுதவைத்தபோது இருபது, 2001-ல் இருபத்தொன்பது. இப்போது திருத்தங்கள் இணையப் பதிப்பில்தான் நடக்கின்றன. ஆகவே இருபத்தொன்பதையும் வாங்கி வீட்டில் இறக்காதீர்கள். உங்கள் நூலக உறுப்பினர் எண்ணை வைத்து இணையத்தில் திறக்க முடிகிறதா என்று முதலில் விசாரியுங்கள். க்ரோவின் நான்கு தொகுதிப் பழைய பதிப்பு காப்புரிமை தீர்ந்தது, இலவசமாகவே கிடைக்கிறது.

மேசைமேல் கைக்கெட்டும் தூரத்தில் வைக்க, அலிசன் லேத்தம் பதிப்பித்த ஆக்ஸ்ஃபோர்டு கம்பேனியன் டு மியூசிக் (2002) ஒன்று. கலைச்சொல்லுக்கு ஹார்வர்டு அகராதி ஒன்று. ஹார்வர்டில் ஆட்களே கிடையாது, மோட்சார்ட்டைத் தேடினால் கிடைக்கமாட்டார். 1944-ல் வில்லி ஆப்பெல் வேண்டுமென்றே அப்படி அமைத்தார். ஃப்யூக் என்றால் என்ன, பாசகாலியாவும் ஷகோனும் எங்கே பிரிகின்றன, இதற்கெல்லாம் அதை விஞ்ச ஒற்றைத் தொகுதி கிடையாது.

சுருதிப்பெட்டி:

புதுக்காது, உங்க எண் பிரச்சினைக்கு அகராதியே வேண்டாம், பட்டியல் எண் படிக்கத் தெரிஞ்சா போதும். இதை யாரும் ஆரம்பத்துல சொல்லித்தர மாட்டேங்கிறாங்க.

ஷூபர்ட்டுக்கு ஓட்டோ எரிக் டாய்ச் 1951-ல் ஒரு பட்டியல் போட்டார். ஒவ்வொரு படைப்புக்கும் 'டி' போட்டு ஒரு எண், முடிஞ்சவரைக்கும் கால வரிசையில. முற்றுப்பெறாத சிம்பொனி டி. 759. நீங்க வாங்கின பெரிய சி மேஜர் டி. 944. இந்தப் பெரிய சி மேஜரை ஒருத்தர் ஏழுன்னார், இன்னொருத்தர் ஒன்பதுன்னார். 1978-ல வந்த டாய்ச் ஜெர்மன் திருத்தப் பதிப்பு எட்டுன்னு மாத்திருச்சு, முற்றுப்பெறாததை ஏழு ஆக்கிருச்சு. அதனாலதான் ஜெர்மன்காரங்க தட்டுல ஒரு எண், மத்தவங்க தட்டுல ஒரு எண். 944 மட்டும் எங்கேயும் மாறாது. அட்டையில அதைப் பாருங்க, சிம்பொனி நம்பரை மறந்துடுங்க.

மோட்சார்ட்டுக்கு கோஹெல், 1862. இவரும் இசைக்காரர் இல்லை, செடிகொடியும் கனிமமும் சேகரிச்சவர். ஒழுங்கா வகைப்படுத்தற புத்தி அங்கேயிருந்து வந்திருக்கும்னு எனக்குத் தோணும். ஒண்ணுல ஆரம்பிச்சு 626, ரெக்வியம் வரைக்கும் கால வரிசை. 1937-ல ஆல்ஃபிரட் ஐன்ஸ்டைன் (இயற்பியல்காரர் இல்லீங்க, வேற ஆள்) திருத்தும்போது, "இது இன்னும் முன்னாடி எழுதினது"ன்னு பலதையும் இடம் மாத்தினார். எண்ணுக்கு நடுவுல எண் செருக முடியாதே, எழுத்தைச் சேர்த்தார். இருபத்தஞ்சாவது சிம்பொனி கே. 183. ஐன்ஸ்டைன் கணக்குல அதுவே கே. 173டிபி.

புதுக்காது:

173டிபி! என் தட்டில் இருக்கிறது. ஒலி அளவு, டெசிபெல் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சுருதிப்பெட்டி:

173 டெசிபெல்ல கேட்டிருந்தீங்கன்னா இன்னைக்கு இந்தக் கேள்வி கேட்கக் காது இருந்திருக்காது :)

இந்த இரட்டை எண் தொல்லை தாங்காம 2024-ல வந்த புதுப் பதிப்புல, கால வரிசையை விட்டுட்டு ஒரு படைப்புக்கு ஒரே எண், முடிஞ்சவரை பழைய எண்ணேன்னு திரும்பிட்டாங்க. அதுல ஒரு வேடிக்கை உண்டு. அதே 2024-ல லைப்சிக் நூலகத்துல மோட்சார்ட் சின்ன வயசுல எழுதினதா நம்புற ஒரு இசையைக் கண்டுபிடிச்சாங்க. அதுக்குக் கொடுத்த எண் 648. சாகும்போது எழுதின ரெக்வியம் 626, சிறுவனா இருந்தப்போ எழுதினது 648. இனிமே எண்ணைப் பார்த்து வயசு சொல்லவே கூடாது.

பாக் விஷயத்துல அந்த ஆசையே ஆரம்பத்திலிருந்து கிடையாது. ஷ்மீடர் 1950-ல போட்ட பி.டபிள்யூ.வி. பட்டியல் கால வரிசையே இல்லை, இன வாரி. கான்டாட்டா எல்லாம் முன்னாடி, ஆர்கனுக்கு எழுதினது 525-லிருந்து, தனி செல்லோ தொகுப்புகள் 1007-லிருந்து 1012. எண்ணைப் பார்த்ததுமே எந்த வாத்தியம்னு சொல்லிடலாம், எந்த வருஷம்னு சொல்ல முடியாது.

இன்னொரு பொறி: 'கே' போட்டாலே கோஹெல்னு நினைச்சுடாதீங்க. டொமெனிகோ ஸ்கார்லாட்டியோட 555 சொனாட்டாவுக்கும் 'கே'தான், அது ரால்ஃப் கர்க்பேட்ரிக் கொடுத்தது. அதுக்கு முந்தி லோங்கோ கொடுத்த 'எல்' எண் வேற. விவால்டிக்கு ஆர்.வி., ஹைடனுக்கு ஹாப். ஹோபோகன் ஹைடனை ரோமன் எண்ல பிரிச்சுக் கட்டினார், ஒண்ணு சிம்பொனி, மூணு நாலு தந்தி வாத்தியத்துக்கான குவார்ட்டெட், பதினாறு பியானோ சொனாட்டா.

ரெண்டாம்பெல்:

எண் கதை முடிந்தால் ஓபராவுக்கு வரலாமா? :)

எல்லாரும் கொபேவின் ஓபராக் கதைப் புத்தகம் என்பார்கள். நானும் கொபேவில்தான் தொடங்கினேன். குஸ்டாவ் கொபே நியூயார்க் விமர்சகர். 1918-ல் லாங் ஐலண்ட் கடலில் பாய்மரப் படகில் போய்க்கொண்டிருந்தவர் மேல் கடற்படை விமானம் ஒன்று மோதி இறந்துபோனார். புத்தகம் முடியாமல் கிடந்தது. மற்றவர்கள் நிரப்பி 1919-ல் வெளியிட்டார்கள். பிறகு ஹேர்வுட் பிரபு பல முறை விரிவாக்கினார், கடைசியாக 1997-ல் ஆன்டனி பீட்டியும் சேர்ந்து. பழைய பதிப்புகளில் காலம், நாடு என்று கலந்து கிடக்கும், தேடித் தேடிக் கண் பூத்துப்போகும். 1997-ல்தான் இசையமைப்பாளர் பெயரை அகர வரிசையில் வைத்தார்கள். வாங்கினால் அதையே வாங்குங்கள்.

கொபேவின் பலம் என்னவென்றால், கதையைச் சொல்லிக்கொண்டே போகும்போது "இந்த இடத்தில் இந்த ஆரியா" என்று பாட்டையும் கூடவே கோத்துக்கொண்டு போகும். அரங்கில் விளக்கு அணைவதற்கு முன் ஒரு காட்சியை மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு உட்கார்ந்தால் போதும், தொலைந்துபோக மாட்டீர்கள்.

பலவீனம்: எந்த வடிவத்தைப் பார்க்கப்போகிறீர்கள் என்பதில் தடுக்கி விழுவீர்கள். ஓபராவில் "ஒரு படைப்பு" என்பதே சந்தேகத்துக்குரியது. வெர்டியின் 'டான் கார்லோஸ்' 1867-ல் பாரிஸில் பிரெஞ்சில் ஐந்து அங்கம். 1884-ல் மிலானில் இத்தாலியனில் நான்கு அங்கம், முதல் அங்கம் முழுசாகப் போய்விட்டது. இரண்டு வருஷம் கழித்து மொடேனாவில் அதைத் திரும்ப ஒட்டினார்கள். 'கார்மென்' 1875-ல் அரங்கேறியபோது பாட்டுக்கு நடுவே பேச்சுத்தான். மூன்றே மாதத்தில் அதை இசையமைத்த பிஸே போய்ச் சேர்ந்தார், நண்பர் கிரோ அந்தப் பேச்சையெல்லாம் பாடும் வசனமாக்கினார், பல காலம் உலகம் அதைத்தான் கேட்டது. வெர்டியின் 'முகமூடி நடனம்' சுவீடன் அரசர் கொலையைப் பற்றியது. மேடையில் அரசரைக் கொல்லக்கூடாது என்று தணிக்கைக்காரர்கள் பிடித்துக்கொண்டதால் 1859-ல் பாஸ்டன் கவர்னர் கதையாக அரங்கேறியது. இப்போது சில அரங்கில் சுவீடன், சில அரங்கில் பாஸ்டன். ஆள் பெயரே மாறிவிடும்.

இந்தச் சிக்கலுக்கு அமாண்டா ஹோல்டன் பதிப்பித்த வைக்கிங் ஓபரா கைடு (1993), அதன் திருத்தமான நியூ பெங்குவின் ஓபரா கைடு (2001) இரண்டும் கொபேவைவிடத் தெளிவு. யார் யார் பாத்திரம், என்ன குரல், எத்தனை வடிவம், எல்லாம் தலைப்பிலேயே தெரிந்துவிடும். கதையைச் சுருக்கமாகத்தான் சொல்வார்கள். அதற்குக் கொபேதான்.

1992-ல் வந்த நான்கு தொகுதி க்ரோவ் ஓபரா அகராதி நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். கடைசித் தொகுதியில் பாத்திரப் பெயருக்கு ஒரு அட்டவணை, பாட்டின் முதல் வரிக்கு ஒரு அட்டவணை. வானொலியில் பாதியில் கேட்ட ஆரியாவின் முதல் வரி மட்டும் காதில் விழுந்ததா, அதை வைத்தே பிடித்துவிடலாம்.

வெட்டிப்பேச்சு:

அக்கா, கதையை முன்னாடியே படிச்சிட்டுப் போனா பார்க்க என்ன இருக்கு? 'டோஸ்கா' ஓபராவில நாயகி கடைசியில என்ன ஆவாள்னு தெரிஞ்சுட்டுப் போறது எனக்குப் பிடிக்காது. மேடைக்கு மேல மொழிபெயர்ப்பு வரிகூட ஓடுதே இப்போ.

ரெண்டாம்பெல்:

கர்ணன் சாவான் என்று தெரிந்துதானே கூத்து பார்க்க விடிய விடிய உட்கார்கிறோம்? ஆனால் உங்கள் கட்சிக்கும் நியாயம் உண்டு. மர்மம் இருக்கும் கதைக்கு முதல் அங்கம் வரை மட்டும் படித்துவிட்டு மூடிவிடுவேன்.

தற்செயலாகத் திறந்து மணிக்கணக்கில் மேய்வதற்கு ஒன்று சொல்லட்டுமா? லோவன்பெர்க்கின் 'ஓபரா ஆண்டேடு', 1943. 1597 முதல் 1940 வரை, முதல் அரங்கேற்றத் தேதி வரிசையில். ஒவ்வொரு ஓபராவும் பிறகு எந்தெந்த ஊருக்கு எந்த மொழியில் போனது என்று கீழே வரிசையாக வரும். கதையும் கிடையாது, விமர்சனமும் கிடையாது. ஊர்ப் பெயரும் தேதியும் மட்டும். அதிலேயே ஒரு ஓபராவின் ஆயுள் ரேகை தெரியும்.

ஏட்டுப்பூச்சி:

விக்கிபீடியா போதும் என்று தொடக்கத்தில் சொன்னவருக்கு ஒரு பதில் பாக்கி வைத்திருந்தேன். தகவலுக்குப் போதும், பல சமயம் புத்தகத்தைவிடப் புதியதும்கூட. பழைய உசாத்துணை நூலை நான் திறப்பது தகவலுக்காக இல்லை. அந்தக் காலத்தில் ஒருவரை எப்படி எடைபோட்டார்கள் என்று பார்க்க.

1954 க்ரோவில் ராக்மானினாஃப் பகுதியைப் பாருங்கள். பதிப்பாசிரியர் ப்ளோமே எழுதியது. உயிரோடிருந்தபோது அவருடைய சில படைப்புகளுக்குக் கிடைத்த பெரும் வரவேற்பு நீடிக்காது, இசை அறிந்தவர்கள் அதை ஒருபோதும் பெரிதாக மதிக்கவில்லை என்று தீர்ப்பே எழுதிவிட்டார். ராக்மானினாஃபின் இரண்டாம் பியானோ கான்செர்ட்டோ ஒலிக்காத கச்சேரிப் பருவம் இன்று உண்டா? அகராதி நடையில் எழுதினால் ஆரூடமும் உண்மை போலவே தெரியும். ஆகவே எந்தப் பக்கத்தைப் படித்தாலும் முதலில் பதிப்பு ஆண்டைப் பாருங்கள்.

1980 பதிப்பில் வேறு ஒரு கூத்து. டாக் ஹென்ரிக் எஸ்ரும்-ஹெல்லெரூப் என்று ஒரு டேனிஷ் இசையமைப்பாளருக்குப் பிறப்பு, இறப்பு எல்லாம் வைத்துக் கட்டுரை. அப்படி ஒருவர் பிறக்கவே இல்லை! கட்டுரையாளர் ஒருவர் குறும்பாக உள்ளே நுழைத்தது. மறு அச்சில் எடுத்துவிட்டார்கள். முதல் அச்சு கிடைத்தால் அந்தப் பக்கத்துக்காகவே வைத்துக்கொள்ளுங்கள்.

இதற்கு நேர் எதிரான ஆள் நிக்கலாஸ் ஸ்லோனிம்ஸ்கி. தியோடர் பேக்கர் 1900-ல் தொடங்கிய இசைக்கலைஞர் வாழ்க்கைக்குறிப்பு அகராதியை 1958 முதல் பல பதிப்புகள் தூக்கிச் சுமந்தவர். மோட்சார்ட்டை அடக்கம் செய்த அன்று புயலும் பனியும் கொட்டியதால் யாரும் கல்லறை வரை போகவில்லை என்று தலைமுறை தலைமுறையாக எழுதி வந்தார்கள். இவர் வியன்னா வானிலை நிலையத்தில் பழைய பதிவைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். அன்று இதமான நாள், புயலும் இல்லை, பனியும் இல்லை. கதை அழகாக இருக்கிறது என்பதற்காக விட்டுவிடாத அகராதிக்காரர். (அவரே பெரிய இசையமைப்பாளர்கள் வாங்கிய வசவுகளையெல்லாம் திரட்டி 1953-ல் ஒரு புத்தகமும் போட்டார். எந்த வசவு யாருக்கு விழுந்தது என்று பின்னால் அட்டவணை வேறு!)

சுருதிப்பெட்டி:

ஏட்டுப்பூச்சி ஐயா லேத்தம் பதிப்பைச் சொன்னார். எனக்கு அதுல சம்மதம் இல்லை. ஆக்ஸ்ஃபோர்டு கம்பேனியன்னா பெர்சி ஷோல்ஸ் 1938-ல கிட்டத்தட்ட தனி ஆளா எழுதினாரே, அதுதான். ஒரே ஆள் பேசற குரல் அட்டை முதல் அட்டை வரைக்கும் கேட்கும். புதுசு நூறு பேர் எழுதினது, சரியா இருக்கும், ஆனா ஒருத்தரும் பேச மாட்டாங்க.

ஏட்டுப்பூச்சி:

ஷோல்ஸை எனக்கும் பிடிக்கும், நம் அபிதான சிந்தாமணியைப் படிக்கிற அதே சுகம். தனி மனிதன் ஆயுளைக் கரைத்துக் கட்டியது என்று பக்கத்துக்குப் பக்கம் தெரியும். ஆனால் தொடக்கக்காரருக்கு 1938-ஐக் கையில் கொடுத்தால், அதன் பிறகு இசையில் நடந்த எதுவும் அவருக்குத் தெரியாமல் போகும். சுகத்துக்கு ஷோல்ஸ், சரிபார்க்க லேத்தம்.

சுருதிப்பெட்டி:

சரி, சமாதானம்.

புதுக்காது, மண்டைக்குள்ள சுத்தற மெட்டை இங்கே எழுதிடாதீங்க. பத்து பேர் உடனே பேரைச் சொல்லிடுவாங்க, தேடற சுகம் போயிடும். பார்லோ, மார்கன்ஸ்டெர்ன் ரெண்டு பேரும் சேர்ந்து 1948-ல போட்ட இசைக்கரு அகராதின்னு ஒண்ணு இருக்கு. சுமார் 10,000 கரு. பின்னாடி அட்டவணையில எல்லா மெட்டையும் ஒரே சுருதிக்கு, 'சி'க்கு மாத்தி, ஸ்வர எழுத்தை அகர வரிசையில அடுக்கியிருப்பாங்க.

நமக்கு இது அல்வா மாதிரி. 'சி'யை ஷட்ஜமா வெச்சுக்கோங்க, முடிஞ்சது. பீத்தோவன் அஞ்சாவது சிம்பொனி கதவு தட்டறது என்ன? ப ப ப க, ம ம ம ரி. அந்த க சாதாரண காந்தாரம். அப்படியே எழுத்தை மாத்தித் தேடினா பக்கம் வந்துடும். ஸ்டாஃப் நொட்டேஷன் படிக்கத் தெரியாதவங்களும் ஸ்வரம் சொல்லத் தெரிஞ்சா போதும்.

ஸ்வரமும் பிடிபடலையா, டெனிஸ் பார்சன்ஸ் 1975-ல இன்னும் எளிசா ஒண்ணு பண்ணினார். முந்தின ஸ்வரத்திலிருந்து ஏறுதா, இறங்குதா, அதேவா, அவ்வளவுதான் கணக்கு. பீத்தோவன் அஞ்சாவது: அதே, அதே, இறங்கு, ஏறு, அதே, அதே, இறங்கு. இசையே தெரியாதவரும் தேடலாம். ஓபரா மெட்டுக்கு பார்லோவும் மார்கன்ஸ்டெர்னும் 1950-ல போட்ட இன்னொரு புத்தகம் தனியா இருக்கு, மறந்து வாத்திய இசைக்கான 1948 புத்தகத்துல தேடிக்கிட்டு உட்காராதீங்க.

வெட்டிப்பேச்சு:

இதுக்கெல்லாம் போன்ல முணுமுணுத்தா சொல்லிடுது. ஆனா அந்த ஏறு-இறங்கு கணக்கு நல்லாத்தான் இருக்கு. தோத்துட்டேன்னு எழுதிக்கோங்க, பாதி மட்டும்.

புதுக்காது:

இரண்டு வாரம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். நூலகத்தில் பார்லோ கிடைத்தது. என் மெட்டை மெல்லப் பாடிப் பார்த்தேன்: க ப ப, க ரி ச, ரி க ப க ரி. மோகனம் போலிருக்கிறதே என்று யோசித்துக்கொண்டே எழுத்தை மாற்றித் தேடினேன். கால் மணி நேரத்தில் வந்துவிட்டது. ட்வோர்ஷாக், 'புதிய உலகம்' சிம்பொனியின் மெதுவான பகுதி!

சந்தோஷத்தில் பழைய தட்டு ஒன்றும் வாங்கிவிட்டேன். அட்டையில் "ஐந்தாவது சிம்பொனி, புதிய உலகம்" என்று இருக்கிறது. இணையத்தில் எல்லாரும் ஒன்பதாவது என்கிறார்கள். மறுபடியும் ஏமாந்துவிட்டேனா?

சுருதிப்பெட்டி:

இல்லை, ரெண்டும் ஒண்ணுதான். ட்வோர்ஷாக் உயிரோடிருந்தப்போ அச்சானது அஞ்சு சிம்பொனிதான், அதுவும் எழுதின வரிசையில அச்சாகலை. அந்தக் கணக்குல இது அஞ்சாவது, கடைசி. அச்சாகாம கிடந்த முதல் நாலையும் சேர்த்த பிறகு ஒன்பதாவது. படைப்பு எண், அதாவது ஓபஸ் 95-ன்னு இருக்கா பாருங்க. புர்க்ஹௌசர் 1960-ல போட்ட பட்டியல்ல பி. 178.

பழைய தட்டு வாங்கறப்போ ஜாக்கிரதை. பழைய ஒண்ணு இப்போ ஆறு, ரெண்டு இப்போ ஏழு, மூணு இப்போ அஞ்சு. நாலாவது, ஜி மேஜர்னு போட்டிருந்தா அது இப்போதைய எட்டாவது.

புதுக்காது:

அதே கட்டில் இன்னொரு தட்டும் வாங்கினேன். நாலாவது, ஜி மேஜர்.

எட்டாவது என்னிடம் ஏற்கெனவே இருக்கிறது.